இரண்டாவது மணி

மாதா கோயிலில் இரண்டாவது மணியும் அடித்தாயிற்று. வாசலில் நின்ற அண்ணன் நகர்வதாக இல்லை. பவுலினுக்கு இருப்புக்கொள்ளவில்லை, கூட்டிய இடத்தையே திரும்பத் திரும்பக் கூட்டினாள்.

"பூசைக்கு நேரமாவுது, போண்ணே."

"மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லு, போறேன்."

"வேடியப்பன கட்டிக்கினேன்னு கல்யாணத்துக்கே வரல. இப்ப இந்த ஊருக்கு மாத்தலாகி வந்ததும் பாசம் பொத்துக்கினு வருதா?"

"தப்புதான். உன் மனசு ஆறாம எந்த மூஞ்சிய வச்சிக்கினு கோயிலுக்குப் போவேன்?"

"அப்ப போவாத."

உபதேசியார் சின்னப்பன் சைக்கிளில் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"சாமி, கோயில் ரொம்பிடுச்சு. நீங்க வந்தாதான பூசையே ஆரம்பிக்கும்?"

"தங்கச்சி சொல்லட்டும்," என்றார் அண்ணன்.

"பூசை முடியறமட்டும் சனமெல்லாம் வெறும் வவுத்தோட குந்திக்கினு இருக்கும்," என்று முணுமுணுத்தபடி பவுலின் துடைப்பத்தைப் போட்டாள். "நடண்ணே, நானும் வரேன்."