மூடாத டிராயர்

தேவிகுளத்துக்கு மேலே ஒரு எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டர். 1974 மார்ச் கடைசியில், நோயாளிகளின் சீட்டு வைக்கும் டிராயர் மூட மாட்டேன் என்றது. மலையிறங்கிப் போனவர்கள், செத்தவர்கள் என்று நாற்பது பேர் சீட்டைக் கழித்தும் மூடவில்லை. அடியில் ஒருவருடைய கட்டே பாதி இடத்தை அடைத்திருந்தது. முதல் சீட்டில் என் கையெழுத்து: “பூமாரி. தாய் அழகுத்தாய். பிறப்பு 1974 ஏப்ரல் 9.”

அழகுத்தாய் வாசலில்தான் நின்றாள், நிறைமாத வயிற்றோடு. மூன்று தடவை கலைந்து, இது நான்காவது.

“இதாச்சும் தங்குமா, கம்பவுண்டரய்யா?”

கட்டைப் புரட்டினேன். அம்மை குத்தியது, தட்டம்மை, இரண்டு பிரசவம். கடைசிச் சீட்டில் வேறு யாரோ எழுதியிருந்தார்கள்: “வயது 71. கண்ணாடி மாற்றியது.”

“தங்கும், தாயி” என்றேன்.

மறுநாள் ஆசாரியை வரச்சொல்லி, இன்னும் ஆழமான டிராயர் ஒன்றுக்கு அளவு கொடுத்தேன்.