நாலாவது பாட்டில்

"அவன் எதுக்கும்மா கக்கூஸ் வாசல்ல காவல் நிக்கிறான்?" என்று வெல்டர் நர்ஸிடம் கேட்டார்.

துணைக்கு வந்தவர்தானே, நிற்கட்டுமே என்றாள் அவள்.

துணையாம். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. போன மாதம் பட்டறையில் அத்தனை பேர் முன்னாலும், "வேலை பாக்கறதை விட உக்கார்றதுதான் அதிகமா இருக்குண்ணே" என்று மானத்தை வாங்கிய சூப்பர்வைசர், இன்று லீவு போட்டுவிட்டு வந்து நிற்கிறான்.

வெல்டருக்கு விஷயம் புரியாமல் இல்லை. 'வேலைக்கு லாயக்கில்லை' என்று டாக்டர் எழுதிவிட்டால் போதும். மறுநாளே அவன் மச்சினன் அந்த இடத்துக்கு வந்துவிடுவான்.

காலையில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடிக்க வைத்திருந்தார்கள். மணிக்கு ஒரு பாட்டிலில் சிறுநீர் பிடித்துத் தர வேண்டும். நல்ல உடம்பு நாலு மணி நேரத்தில் பெரும்பாலான தண்ணீரை வெளியே தள்ளிவிடுமாம். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கிற அட்ரினல் சுரப்பி கெட்டிருந்தால் உள்ளேயே தேங்கிவிடுமாம். டாக்டர் சொல்லியிருந்தார்.

மூன்று பாட்டிலிலும் அடி நனைந்ததோடு சரி.

நாலாவது முறை உள்ளே போன வெல்டர், குழாயைத் திறந்தார்.

நிறைந்த பாட்டிலைப் பார்த்ததும் நர்ஸுக்கு முகம் மலர்ந்தது. சாயங்காலமே வீட்டுக்குப் போய்விடலாம் என்றாள்.

சூப்பர்வைசர் குறுக்கே வந்தான். "தொட்டுப் பாருங்க சிஸ்டர். சில்லுனு இருக்கும்."

தொட்டுப் பார்த்தவள் வெல்டரை ஒரு முறை முறைத்துவிட்டு, டாக்டரைக் கூப்பிடப் போனாள்.

வெல்டர் சூப்பர்வைசர் பக்கம் திரும்பினார். "திருப்திதானே? முப்பது வருஷம் நெருப்புல வெந்தவன் சோத்துல மண்ணை அள்ளிப் போட்டாச்சு. போ, மச்சினனுக்குப் போன் போடு."

அப்படி யாரும் வேலை கேட்கவில்லை என்றான் சூப்பர்வைசர். வியாதி இதுதான் என்று தெரிந்துவிட்டால் மாத்திரையிலேயே காலம் தள்ளலாம், வேலையும் பார்க்கலாம் என்றான். வெல்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எங்கண்ணன் இதே டெஸ்ட்டுல பாஸாகித்தான் வீட்டுக்கு வந்தாரு. பத்து நாள்தான் இருந்தாரு" என்றான் அவன், தரையைப் பார்த்தபடி. "அவரு வேலை போயிடக் கூடாதேன்னு, அன்னிக்குப் பாட்டில்ல தண்ணி கலந்தது நான்தாண்ணே."