அவரைக்கொடியும் வாயாடிப் பூண்டும்

அவரைக்கொடியின் காலடியில் ஒரு வெள்ளைப்பூண்டு முளைத்திருந்தது. "உன் நாத்தம் தாங்கலை" என்று அவரை அதைத் தினமும் திட்டித் தீர்த்தது. பூண்டும் சளைக்காமல் பதில் பேசியது.

கொடி பூ வைத்த அன்று, கூட்டத்தோடு பறந்து வந்த அசுவினிப் பூச்சி ஒன்று பூண்டிடம் நைசாகப் பேச்சுக் கொடுத்தது.

"உன்னை நாங்க தொடவே மாட்டோம். இன்னிக்கு மட்டும் உன் நெடியை அடக்கிக்கோ. உன்னை ஏசினவளோட சாறை ஒரு சொட்டு விடாம உறிஞ்சிடறோம்."

பூண்டுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"அது எனக்கும் அவளுக்கும் உள்ள சண்டை. நடுவுல நீ யாரு?"

சொன்ன வேகத்தில் காற்றோடு சாய்ந்து, தன் பச்சைத் தாளைக் கொடியின் பந்தல்காலில் தேய்த்துக் கிழித்துக்கொண்டது. காரநெடி கொடியெங்கும் ஏறியது. அசுவினிகள் தலைதெறிக்க ஓடின.

கிழிந்த தாள் எரிச்சலெடுத்தது. ஆனாலும் பூண்டு நிமிர்ந்தே நின்றது. சில நாளில், மேலே ஒவ்வொரு பூவாகப் பிஞ்சு பிடிக்கத் தொடங்கியது.