பல்லி சொன்ன சாட்சி

அணில் குஞ்சுகளைத் தின்றது ஆந்தைதான் என்ற கதையைக் காகம் பல வருஷமாகச் சந்தேகித்து வந்தது. குஞ்சுகள் காணாமல் போனது பட்டப்பகலில். ஆந்தையோ பகலெல்லாம் தூங்கும். ஆனால் அரிசி ஆலையைச் சுற்றியுள்ள மரமெல்லாம் பறந்து அந்தச் செய்தியைக் கத்தியது காகமேதான். அன்று ஆலைப் பெருச்சாளி, "ஆந்தைதான் தின்னது" என்று சொல்லி முடித்ததும் ஆலைச் சுவரில் பல்லி உச்சுக்கொட்டியது. பல்லியே சொன்ன பிறகு அப்பீல் ஏது? எல்லாரும் திரண்டு ஆந்தையின் கண்ணைக் கொத்தித் துரத்தினார்கள்.

இன்று மத்தியானம் மறுபடியும் இரண்டு குஞ்சுகளைக் காணவில்லை.

"வௌவால் வேலைதான்!" என்றது பெருச்சாளி, மீசையைத் துடைத்துக்கொண்டே. பல்லி உச்சுக்கொட்டியது. பெருச்சாளி காகத்தின் பக்கம் திரும்பியது. "என்னண்ணே உட்கார்ந்திருக்கீங்க? சூடு ஆறுறதுக்குள்ள போய்ச் சொல்லுங்க!"

பழம் தின்னும் வௌவால் எதிர்க்கிளையில் தலைகீழாகத் தூங்கிக்கொண்டிருந்தது. காகம் அதைப் பார்த்துவிட்டு நேரே சுவருக்குப் போனது.

"பல்லி, வௌவால் தின்னதை நீ கண்ணால பார்த்தியா?"

"நான் எங்கே பார்த்தேன்? பூச்சி மாட்டினா உச்சுக்கொட்டுவேன், அவ்வளவுதான். நீங்களா அதைச் சாட்சின்னு வச்சுக்கிட்டீங்க."

"ஆந்தை?"

"அன்னிக்கும் பூச்சிதான் காக்காண்ணே."

காகத்துக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பல்லியின் வாலைக் கொத்தப் போன அலகு பாதியில் நின்றது.

"அடப்பாவி, அன்னிக்கே நான் வந்து கேட்டிருந்தாலும் இதைத்தானே சொல்லியிருப்பே?"