மொட்டை டயர்

சித்தாண்டிக்குப் போகும் வழியில், மாரி மழைச் சேற்றில், பெரிய வயல்காரரான சாமித்தம்பிப் போடியாரின் கார் புதைந்து நின்றது. சாகக் கிடக்கும் தங்கை கண்ணகை, அண்ணனை ஒருமுறை பார்க்க வேண்டுமென்று ஆள் அனுப்பியிருந்தாள். குடும்பத்தை மீறி ஒருவனோடு ஓடிப்போனவள்தான். ஆனாலும் போகாவிட்டால் ஊர் என்ன சொல்லும்?

"இனி ஏலா, போடியார். சில்லு சும்மா சுத்துது," என்றான் டிரைவர் வேலன்.

"நான் என்ன செய்ய? வெளிக்கிட்டு வந்தத ஊரே கண்டதுதானே."

அப்போது மழைக்குள் ஒருவன் சோடி மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தான். கண்ணகையின் புருஷன் தம்பிராசா. போடியார் இன்றுவரை முகம் பார்த்துப் பேசாதவன்.

"மச்சான், கார் புதைஞ்சிற்று எண்டு சொன்னாங்க. அவள் உங்கட கார்ச் சத்தத்துக்குக் காதக் குடுத்தபடி கிடக்கிறாள். மாட்டப் பூட்டி இழுப்பம்."

குனிந்து சில்லைப் பார்த்தவனுக்குக் கண் கலங்கியது.

"அகல டயர், அதுவும் மொட்டை! இந்தச் சேத்தக் கடிச்சுப் போக ஒடுங்கின பல்லு டயர்தானே வேணும்? அத மாத்தவும் நிக்காம ஓடி வந்திருக்கிறீங்க. இதச் சொன்னா அவள் நிம்மதியாக் கண்ண மூடுவாள்."

வேலன் தலையைக் குனிந்துகொண்டான். காலையில் காரில் பல்லு டயர்தான் இருந்தது. அதைக் கழற்றிவிட்டு மொட்டை டயரைப் பூட்டச் சொன்னவர் போடியார்.