பெயரில்லாத எரிமலை

கல்முனைக் கடற்கரையில் ஒதுங்கிய மிதக்கும் கல் எந்த எரிமலையிலிருந்து வந்தது என்று அறிய, ஆய்வு மாணவி நப்லா அதைக் கொழும்புக்குப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தாள். இன்று பேராசிரியரே தொலைபேசியில் அழைத்தார்.

“நப்லா, கல்லுல நயோபியம் உலோகம் குறைவு. அப்ப ஒரு புவித்தட்டு இன்னொண்டுக்குக் கீழ போற இடத்து எரிமலைதான். ஆனா இவ்வளவு சிங்க் உள்ள எரிமலைக் கல்லு உலகத்துலயே இல்ல! இது ஆருக்கும் தெரியாத எரிமலை. நாளைக்கு மாநாட்டுல அறிவிக்கப் போறன். உங்கட பேர்தான் முதல்ல!”

நப்லா துள்ளிக்கொண்டு ஓடி, வயலிலிருந்து வந்த கணவன் முர்ஷிதிடம் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை.

“எந்தக் கல்லு புள்ள? மேசையில கிடந்த சொரசொரப்புக் கல்லா?”

“ஓம். ஏன்?”

“நீ அனுப்புறதுக்கு முந்தி ஒரு கிழமையா அதாலதான் குதிக்கால் வெடிப்பத் தேய்ச்சன். மருந்தப் பூசிப்போட்டுத் தேய்ச்சா நல்ல சுகம்.”

“என்ன மருந்து?”

அவன் எடுத்துவந்த மருந்துக் குழாயில் முதல் சொல்லே ‘சிங்க்’ என்றிருந்தது.

நப்லா உடனே பேராசிரியரை அழைத்தாள்.

“சேர், மாநாட்டுல ஒண்டும் சொல்லிராதீங்க. அந்த எரிமலையக் கண்டுபிடிச்சிட்டன். எங்கட ஊட்டுலதான் இரிக்கி. இப்ப கால் கழுவப் போயிரிக்கி.”