ஆறு மணி மருந்து

"அப்படி என்ன மருந்து மாமா? சொல்லுங்களேன்!"

"சொன்னா பலிக்காதும்மா" என்றார் மாமனார். ஒரு கையில் சோம்பு வெந்நீர் டம்ளர், மறுகையில் பேரன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மருமகள் அந்தக் கதவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி கடைசி ரூமுக்குப் போனாள்.

இரண்டு மாதக் குழந்தை. சாயங்காலம் ஆறு மணி ஆனால் போதும், காலை மடக்கிக்கொண்டு வீட்டையே இரண்டாக்குவான். "வாயுதான், தானா சரியாகும். தாய்ப்பால் தவிர ஒரு சொட்டு உள்ளே போகக் கூடாது" என்று டாக்டர் அடித்துச் சொல்லியிருந்தார்.

"என்கிட்ட கொடுத்துட்டு நீ கொஞ்சம் படும்மா" என்று மாமனாரும் கேட்டுக்கேட்டுப் பார்த்தார். அவள் கொடுக்கவில்லை. காலமெல்லாம் பஸ் ஓட்டின கைக்குப் பச்சைக் குழந்தையைப் பற்றி என்ன தெரியும்?

அப்புறம்தான் அவர் அந்தக் குண்டைப் போட்டார்.

"எங்க குடும்ப வைத்தியம் ஒண்ணு இருக்கு. ஆனா மருந்து வேலை செய்யணும்னா, பெத்தவ ஒரு மணி நேரம் கடைசி ரூம்ல கதவைச் சாத்திட்டுப் படுத்திருக்கணும்."

புருஷன் வழக்கம்போல அப்பாவுக்குத் தலையாட்டிவிட்டான்.

நாலு நாள் ஆயிற்று. நாலு நாளும் அவள் தலையணையில் தலை வைத்ததிலிருந்து ஏழு மணி வரை குழந்தை சத்தமே இல்லை!

அதுதான் பயம். அந்தக் கத்துக் கத்துகிறவன் கப்சிப் ஆகிறான் என்றால், இந்த மனுஷன் எதைப் புகட்டுகிறார்? மயக்க மருந்தா?

இன்று தொடையைக் கிள்ளிக் கிள்ளி விழித்திருந்தாள். ஆறு பத்துக்கு அலறல். ஆறேகாலுக்கும் அலறல். அதற்குமேல் தாங்காமல் ஓடிப்போய்க் கதவைத் தள்ளினாள்.

மாமனாரின் முன்கையில் குப்புறக் கிடந்து குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தான். அவரோ இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு, "ட்ர்ர்ர்..." என்று பஸ் மாதிரி உறுமியபடி அறையை அளந்துகொண்டிருந்தார். டம்ளர் காலி.

"குழந்தைக்கு என்ன கொடுத்தீங்க?" என்று டம்ளரைக் காட்டிக் கத்தினாள்.

அவர் பஞ்சை எடுத்தார். "டம்ளரா? அது நான் குடிச்சதும்மா. எனக்குந்தான் வாயு."

"அப்போ நாலு நாளா இவன் அழவே இல்லையே, எப்படி?"

"யார் சொன்னா? தினம் இதே கச்சேரிதான். நீ விட்ட குறட்டையில உனக்குக் கேட்டிருக்காது."

சண்டை போட வந்தவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"தூக்கம் கெட்ட டிரைவர் கையில எங்க டிப்போவுல வண்டியைக் கொடுக்க மாட்டாங்கம்மா" என்றார் அவர், பஞ்சைத் திரும்பக் காதில் திணித்தபடி. "போ, போய்ப் படு. உன் மருந்து இன்னும் முக்கால் மணி நேரம் பாக்கி இருக்கு."